மண் தெரிகிற நாக்குக்கு மனிதன் தெரியவில்லையா?

பிரெஞ்சு ஒயினை ரசிப்பது பெரிய கலை என்கிறார்கள் கனவான்கள். கோப்பையைச் சாய்த்து நிறம் பார்க்க வேண்டுமாம். சுழற்றி முகர வேண்டுமாம். ஒரு வாய் உறிஞ்சியதும் இது போர்தோ, இது ஷாம்பேன் என்று ஊரைச் சொல்ல வேண்டுமாம். சுண்ணாம்பு மண்கூட நாக்கில் தெரிகிறதாம்! நல்லது. அந்த மண்ணில் குனிந்து நிற்கும் கூலி மட்டும் ஏன் தெரியவில்லை?

மண்ணுக்கு மண் ருசி மாறும். எந்த விவசாயத் தொழிலாளிக்கும் இது தெரியும். ஆனால் உயர்வு தாழ்வை நிர்ணயித்தவர் யார்? 1855-ல் பாரிஸ் கண்காட்சிக்காகப் போர்தோ ஒயின்களை ஐந்து வகுப்பாகப் பிரித்தவர்கள் தரகர்கள். சந்தையில் எது அதிக விலைக்குப் போனதோ, அது முதல் வகுப்பு! விலைப்பட்டியலே ருசிப்பட்டியல் ஆயிற்று. அதன் பின் முதல் வகுப்புக்கு உயர்த்தப்பட்ட தோட்டம் ஒன்றே ஒன்று, அதுவும் 1973-ல்.

ஊர்ப்பெயரின் மானத்தைக் காத்தவர்களாவது இந்தக் கனவான்களா? இல்லை, தோழர்களே! ஷாம்பேன் வியாபாரிகள் பலர் வெளியூர்த் திராட்சையை மலிவாக இறக்கி, ஷாம்பேன் என்று முத்திரை குத்தி விற்றார்கள். உள்ளூர்ச் சாகுபடிக்காரன் வயிறு காய்ந்தது. 1911-ல் அவர்கள் கொதித்தெழுந்தார்கள். ஆய் நகரில் வியாபாரிகளின் கட்டடங்கள் எரிந்தன. சர்க்கார் பட்டாளத்தை ஏவியது.

தெற்கே லாங்கதோக்கில் 1907-லேயே விலை வீழ்ச்சியையும் கலப்பட ஒயினையும் எதிர்த்து லட்சக்கணக்கான ஜனங்கள் திரண்டார்கள். நர்போனில் பட்டாளம் சுட்டது, உயிர்கள் பலியாயின. அதைக் கேட்ட 17-வது காலாட்படைச் சிப்பாய்கள், அந்த வட்டாரத்துப் பிள்ளைகள், கலகம் செய்து பெஸியே நகருக்கு நடந்தே வந்துவிட்டார்கள். ஊர்ப்பெயருக்கு 1935-ல் முழுச் சட்டப் பாதுகாப்பு வந்ததென்றால், அதற்கு முன்னால் இந்த ரத்தம் சிந்தியிருக்கிறது.

இன்றைய நிலை என்ன? ஷாம்பேன் திராட்சையை இயந்திரம் தொடக்கூடாது. குலை குலையாகக் கையால்தான் பறிக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கைகள் யாருடையவை? 2023 அறுவடையில் மாலி, மாரிடேனியா, செனகல் முதலிய நாடுகளிலிருந்து வந்த 50-க்கும் மேற்பட்ட ஏழைகளை ஆபாசமான ஒரு வீட்டில் அடைத்துப் போட்டு வேலை வாங்கினார்கள். வெயில் கொளுத்திய அந்த அறுவடைக் காலத்தில், அந்தப் பிரதேசத்தின் தோட்டங்களில் கூலிகள் சிலர் மாண்டும் போனார்கள். 2025 ஜூலையில் நீதிமன்றம் மூவருக்குத் தண்டனை விதித்தது. குற்றம் என்ன தெரியுமா? ஆள்கடத்தல்!

திராட்சை எந்த எல்லைக்குள் விளைந்தது என்று அளக்கிற சட்டம், பறித்தவன் எங்கே படுத்தான், என்ன தின்றான், என்ன கூலி பெற்றான் என்று ஏன் அளக்கக்கூடாது? கடத்தி வந்த கூலி பறித்த திராட்சைக்கு ஷாம்பேன் என்ற பெயரே கூடாது என்கிறது பிரெஞ்சுத் தொழிற்சங்கமான சி.ஜி.டி. நியாயமான கோரிக்கை! குலை நசுங்கக்கூடாது என்று விதி எழுதத் தெரிந்தவர்களுக்கு, மனிதன் நசுங்கக்கூடாது என்றும் எழுதத் தெரியட்டும்.