இரவில் கதவைத் தட்டும் நல்ல கை

போர் மட்டுமல்ல, நோயும் உழவனை நிலத்திலிருந்து விரட்டும். மேற்கு ஆபிரிக்காவில் 'ஆற்றுக் குருடு' நோய்க்கு அஞ்சி, செழிப்பான ஆற்றோர வயல்களை விட்டு ஊர் ஊராக மக்கள் வெளியேறினர். ஓடும் ஆற்றில் பெருகும் சிறிய கரிய ஈ கடித்து, நுண்புழுக்களை உடலுக்குள் செலுத்துகிறது. அவை பெருகிக் கண்ணைக் கெடுக்கின்றன. 1974இல் அங்கே ஈ ஒழிப்பு தொடங்கியது. 1987 முதல் ஐவர்மெக்டின் மாத்திரை இலவசமாக வழங்கப்பட்டது. கைவிடப்பட்ட நிலங்களில் மீண்டும் ஏர் பூட்டப்பட்டது.

அந்த நோய் இலங்கையில் இல்லை. ஆனால் அதற்கு உறவான யானைக்கால் நோய் நெடுங்காலமாக வேரூன்றிய எட்டு மாவட்டங்களில் நமது புத்தளமும் ஒன்று. நீங்கள் விட்டுவந்த மன்னாரும் முல்லைத்தீவும் அவற்றில் இல்லை. ஆகவே வீங்கிய காலைக் கண்டால் பரம்பரை வியாதி என்றும் செய்வினை என்றும் சிலர் எண்ணுகிறார்கள். அது நுளம்பு பரப்பும் புழு நோய். கிணற்றடிச் சேற்றிலும், கழிவுநீர்க் குழியிலும், பொச்சுமட்டை ஊறும் கிடங்கிலும் அந்த நுளம்பு பெருகுகிறது.

2002 முதல் 2006 வரை இந்த மாவட்டங்களில் ஆண்டுதோறும் மாத்திரை வழங்கப்பட்டது. இந்நோய் இனி இலங்கையில் பொதுச் சுகாதாரப் பிரச்சினை அல்ல என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது. அதனால் கடைசிப் புழுவும் செத்துவிட்டது என்று பொருளல்ல. கண்காணிப்புத் தளர்ந்தால் நோய் மீண்டும் தலைதூக்கலாம்.

இப்புழுவின் குஞ்சுகள் இரவில்தான் இரத்தத்தில் மிகுதியாக உலாவும். ஆகவே ஊழியர் இரவில் வந்து விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுப்பார். இரவில் கதவு தட்டப்பட்டால் நடுங்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. அந்த அச்சத்தை யாரும் ஏளனம் செய்யலாகாது. வருகிற நாளை முன்கூட்டியே தமிழில் அறிவிப்பது அதிகாரிகளின் கடமை. அறிவித்தபின் கதவைத் திறப்பது நமது கடமை. ஆண்டுக்கணக்கில் எந்த அறிகுறியுமின்றி ஒருவர் உடலில் புழு இருக்கலாம். கண்டுபிடித்தால் மருந்து உண்டு.

ஏற்கெனவே கால் வீங்கியவரை மூலையில் ஒதுக்காதீர்கள். தினமும் சவர்க்காரமிட்டுக் காலைக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்து, உட்காரும்போது காலை உயர்த்தி வைத்தால் வேதனையும் காய்ச்சலும் குறையும். விரைவீக்கம் உள்ள ஆண்கள் வெட்கத்தை விட்டு வைத்தியரிடம் செல்லட்டும், சத்திரசிகிச்சையால் குணமாகும்.

ஒருமுறை நிலத்தை இழந்தோம். வந்து சேர்ந்த இடத்தில் உழைக்கும் கால்களையும் இழக்க வேண்டாம்.