பெயருக்குக் காவல் யார்?

‘சிலோன்’ என்ற பெயரை இந்நாடு 1972ஆம் ஆண்டிற் கைவிட்டது. ஆனால் தேயிலைப் பெட்டியிலிருந்தும் கறுவாப் பொதியிலிருந்தும் அதனை அகற்ற எந்த அரசாங்கமும் துணியவில்லை. அரசியலுக்கு ஆகாத பெயர் அந்நியச் சந்தையிற் பொன்னாக விலைபோகின்றதே! அப்பெயரைக் காப்பதற்கு ஆட்சியாளர் எடுத்துக்கொண்ட சிரத்தையும் சிறிதன்று. சிங்கச் சின்னம் தேயிலைச் சபையின் சொத்து. கலப்பில்லாத இலங்கைத் தேயிலையை இங்கேயே பொதி செய்வோர் மட்டுமே அதனைப் பொறிக்கலாம். கறுவாவின் பெயர் 2022ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியத்திற் புவிசார் குறியீடாகப் பதிவாயிற்று. இலங்கையிலிருந்து அங்கு பதிவான முதற் பெயர் அதுவே. பிறநாட்டுப் பட்டையை அப்பெயரால் அங்கு விற்க இனி இடமில்லை.

நல்லது. நம் பனங்கட்டிக்கு என்ன காவல்?

யாழ்ப்பாணத்துப் பனங்கட்டி, பனாட்டு, ஒடியல், கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஆகியவற்றின் பெயரைக் கேட்டாலே கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் நம்மவர் கூடுதற் காசு கொடுக்க ஆயத்தமாகின்றனர். அந்தக் காசு மரமேறிக் கருப்பநீர் இறக்கியவன் கைக்கு வந்து சேர்கின்றதா? சீனி கலந்து காய்ச்சிய கட்டிக்கும் அதே பெயர்ச்சீட்டை ஒட்டிவிடலாம். வாங்குபவர் ஏமாறுவார், அடுத்தமுறை உண்மையான கட்டியையும் நம்பமாட்டார். நட்டம் இறுதியில் உற்பத்தியாளனுடையதே.

சட்டம் இல்லையா எனின், உண்டு. 1979ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கச் சட்டத்தின் இடத்தில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வந்தது. புவிசார் குறியீட்டைத் தவறாகப் பயன்படுத்துவதை அது தடுக்கின்றது. ஆயினும் அக்குறியீடுகளைப் பதிவதற்கான ஏட்டுக்கு 2022ஆம் ஆண்டின் திருத்தம் வரை காத்திருக்க நேர்ந்தது. வேலிக்குச் சட்டம் இயற்றிவிட்டுக் கதியால் நடப் பத்தொன்பது ஆண்டுகள்! இத்தாமதம் அற்பமானதன்று. உலக வர்த்தக நிறுவனத்தின் புலமைச் சொத்து உடன்படிக்கையின் 24ஆம் உறுப்புரைப்படி, சொந்த நாட்டிற் காக்கப்படாத பெயரைக் காக்கும் கடப்பாடு பிறநாட்டுக்கு இல்லை. வீட்டிற் பதியாத பெயருக்கு வெளியில் நியாயம் கேட்பது எங்ஙனம்?

கடலுக்கு அப்பால் நோக்குவோம். இந்தியா 1999ஆம் ஆண்டிலேயே இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடிப் பனங்கருப்பட்டி 2023ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்றது. அங்கே பதநீர் என்பர், இங்கே கருப்பநீர் என்போம்; மரம் ஒன்றே, காய்ச்சும் உழைப்பும் ஒன்றே.

புவிசார் குறியீடு தனியொரு வியாபாரியின் உடைமையாவதில்லை. ஒரு பிரதேசத்து உற்பத்தியாளர் ஒன்றுகூடி, எல்லை எது, செய்முறை யாது, சுண்ணாம்பு எவ்வளவு, சீனி கலந்தால் என்ன தண்டனை என்று எழுதி, அதற்குக் கட்டுப்பட்டு நிற்கவேண்டும். இது நமக்குப் புதிய பாடமன்று. திருவிதாங்கூருக்குப் புகையிலை அனுப்பிய நம் கமக்காரர் அதனை விற்பதற்கெனக் கூட்டுறவுச் சங்கம் கண்டவர்கள். இன்றும் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. 1978ஆம் ஆண்டு முதல் பனை அபிவிருத்திச் சபையும் இருக்கின்றது. நம் சட்டத்தரணிகள் விண்ணப்பத்தை வரைந்து கொடுக்கட்டும். பல்கலைக்கழகத்து விவசாய, இரசாயன அறிஞர் கலப்படத்தைக் கண்டறியும் அளவுகோலை வகுக்கட்டும். மேடையில் மண்வாசனை பேசுவதிலும் இது பயனுள்ள பணி.

ஆக்கவுரிமை பற்றியும் ஒரு சொல். கம்மாலையில் நம்மவர் ஒருவர் புதிய கருவி செய்தால், கண்காட்சியில் வைத்துப் பாராட்டுப்பத்திரம் பெறுவதோடு நின்றுவிடுகின்றார். பல ஆண்டுகள் கழித்து விண்ணப்பிக்கும்போது, ஊரறிந்த கருவிக்குப் புதுமை இல்லையெனச் சட்டம் கைவிரிக்கும். முதலில் விண்ணப்பம், பின்னர் கண்காட்சி என்று சொல்லிக்கொடுக்க வடக்கிலும் கிழக்கிலும் தமிழில் ஆலோசனை கூறும் உத்தியோகத்தர் வேண்டும். முரண்பாடு நேரின் சிங்களப் பாடமே மேலோங்கும் என்று சட்டமே கூறும் நாட்டில், தமிழ்க் கமக்காரனுக்கு அந்தத் துணை சலுகையாகாது, உரிமையாகும்.

குறியீடு கிடைத்த மறுநாளே விலை ஏறிவிடும் என்று நாம் ஆசைகாட்ட விரும்பவில்லை. பரிசோதனையில்லாத முத்திரை வெறுங் கடதாசி. பரிசோதனைக்கோ செலவுண்டு. அச்செலவின் ஆரம்பச் சுமையை மாகாண விவசாயத் திணைக்களமும் பனை அபிவிருத்திச் சபையும் ஏற்கவேண்டுமென நாம் கோருகின்றோம். சிறு உற்பத்தியாளன் தலையில் அதனைச் சுமத்தினால், நாலு பெரிய பொதியிடுவோர் மட்டுமே முத்திரை பெறுவர். பனையேறி தன் ஊரின் பெயரைத் தானே சொல்லி விற்க முடியாதவனாவான்.