புல்லட்டுக்கு எத்தனை குதிரை பூட்டுவது?

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், திருவண்ணாமலைக் காப்பிக் கடை வாசல்களில் புல்லட் மோட்டார் சைக்கிள்கள் வரிசை கட்டி நிற்கின்றன. சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகச் சில. பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி, செங்கம் வழியாகச் சில. இரு வழியிலும் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். காப்பி ஆறுவதற்குள் பேச்சு ஒரே விஷயத்துக்கு வந்துவிடும். எஞ்சினுக்கு இன்னும் கொஞ்சம் பலம் ஏற்றுவது எப்படி?

ஆசை இயற்கையானதுதான். பின்னால் மனைவி, இரு பக்கமும் பை மூட்டை, எதிரே ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகள் என்றால் பழைய வண்டி திணறத்தான் செய்யும். "சிலிண்டரைப் பெரிதாக்கு, கார்புரேட்டரை மாற்று, சைலன்சரைத் திற" என்று யோசனை சொல்ல நாலு பேர் உடனே கிடைப்பார்கள். ஆனால் பணத்தை எடுப்பதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி தொடங்கியது. பழைய வார்ப்பிரும்பு எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர்; பிஸ்டன் ஓடும் தூரம் 90 மில்லிமீட்டர்; கொள்ளளவு 346 சி.சி. பலமோ சுமார் 18 குதிரைச் சக்தி. அதே கம்பெனி 2020-ல் புதிய 350 எஞ்சினைக் கொண்டுவந்தது. அதன் பலம் எவ்வளவு? சுமார் 20 குதிரைச் சக்திதான்! 65 ஆண்டுகளில் கூடியது இரண்டே குதிரை.

அப்படியானால் அந்த எஞ்சினீயர்கள் என்னதான் செய்தார்கள்? அதிர்வை அடக்கத் தனியாக ஒரு சமநிலைத் தண்டு வைத்தார்கள். கார்புரேட்டரை எடுத்துவிட்டு, பெட்ரோலை அளந்து பீய்ச்சும் ஏற்பாடு செய்தார்கள். டிஸ்க் பிரேக் கொடுத்தார்கள். நெடும்பயணத்துக்கு வேண்டியது எது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

வேகத்தின் கணக்கு இன்னும் கண்டிப்பானது. எதிர்காற்றைப் பிளக்கத் தேவைப்படும் பலம் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது. மணிக்கு 80 கிலோமீட்டரில் போகிறவர் 100-ல் போக விரும்பினால், அதற்கு மட்டும் ஏறக்குறைய இரட்டிப்புப் பலம் வேண்டும். அந்தப் பலத்தோடு இரட்டிப்பு வெப்பமும் வரும். காற்றால் மட்டுமே குளிரும் வார்ப்பிரும்புச் சிலிண்டர் அதை எத்தனை நேரம் தாங்கும்? சித்திரை வெயிலில் செஞ்சிப் பாறைகளே கொதிக்கும்போது பிஸ்டன் இறுகிக்கொண்டால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

ஆகவே செலவுக்கு ஒரு வரிசை வேண்டும். முதலில் பிரேக். ஓடுகிற வண்டியை நிறுத்த முடியாதவனுக்குக் கூடுதல் வேகம் எதற்கு? அடுத்தது எண்ணெய். பழைய எஞ்சினுக்கு அதிகம் இறைக்கும் ஆயில் பம்ப் போடுவது எந்தப் பெரிய பிஸ்டனையும்விட மேலானது. மூன்றாவது, பற்றவைப்பு. தேய்ந்த பாயிண்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் ஏற்பாடு வைத்தால் டைமிங் நிலைத்து நிற்கும். நான்காவது, கியர்பாக்ஸ் பல்சக்கரம். 16 பல் இருந்த இடத்தில் 17 பல் வைத்தால், அதே வேகத்தில் எஞ்சின் சுற்று சுமார் 6 சதவீதம் குறையும். சமவெளிக்கு அது சுகம். மலையேற்றத்தில் சற்றுக் கஷ்டம். ஜவ்வாது மலைக்கு அடிக்கடி போகிறவர் அதைத் தொடாமலிருப்பதே நல்லது.

இத்தனைக்குப் பிறகும் பலம் போதவில்லை என்பவருக்கு வேறு வழி இருக்கிறது. அதே கம்பெனி 2018-ல் இரட்டைச் சிலிண்டர் 650 சி.சி. வண்டியைக் கொண்டுவந்தது. அதன் பலம் 47 குதிரைச் சக்தி. அதை வாங்கலாமே! பாட்டன் ஓட்டிய வண்டியைப் பிளந்து போட்டு அந்தப் பலத்தைத் தேடுவானேன்?

சட்டத்தையும் மறக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரித்தவர் குறித்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 346 சி.சி. என்று பதிவான வண்டி ரகசியமாக 500 ஆனால் பதிவுப் புத்தகமே பொய்யாகிவிடும். 2019-ல் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பௌர்ணமி இரவில் இந்த ஊரில் லட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் கிரிவலம் நடக்கிறார்கள். செருப்பில்லாத கால்கள், தோளில் தூங்கும் குழந்தைகள், நடந்து களைத்து ஓரமாக உட்கார்ந்த கிழவிகள். அவர்கள் காதருகே திறந்த சைலன்சர் வெடிக்கும்போது, அது யாருடைய பலத்தைக் காட்டுகிறது? ஓட்டுகிறவரின் மனப் பலவீனத்தைத்தான்.

நல்ல பயணத்தின் அடையாளம் எத்தனை விரைவில் சேர்ந்தோம் என்பதல்ல. போன வண்டி வழியில் நிற்காமல் வீடு திரும்பியதா என்பதே. வீட்டில் காத்திருக்கிறவர்கள் குதிரைச் சக்தியை எண்ணுவதில்லை. தெருமுனையில் அந்தப் பழகிய சத்தம் கேட்கிறதா என்றுதான் காது கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.