எண்கோண முற்றத்தில் காமன் கூத்து

பதுளை நகரின் பழைய வெலேகடைச் சந்தைக் கட்டடத்துக்கு எட்டுப் பக்கங்கள். பிரித்தானிய ஆட்சியில், 1889இல், ஊருக்கான பொதுச் சந்தையாக அது எழுந்தது. சுற்றிவர ஓட்டுக் கூரையின் கீழ் கட்டடம், நடுவே வானம் பார்த்த முற்றம். அப்போது பதுளைக்கு ரயில் இல்லை. பண்டாரவளைக்கே 1894இல்தான் ரயில் வந்தது; பதுளை நிலையம் திறக்க 1924 ஆகிவிட்டது. இலைநோயில் கோப்பி அழிந்து, ஊவா மலைகளில் தேயிலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. தேயிலையோடு தமிழ்நாட்டிலிருந்து ஆட்களும் வந்துகொண்டே இருந்தார்கள். பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுல, ஹாலிஎல என்று சுற்றியுள்ள தோட்டங்களுக்கெல்லாம் டவுன் என்றால் பதுளைதான்.

அந்தக் கட்டடம் இன்று தொல்பொருள் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. இடித்துவிட்டுக் கடைத்தொகுதி கட்டாமல் அதைக் காப்பாற்றியவர்களுக்கு ஊர் கடமைப்பட்டிருக்கிறது. அடுத்த வேலைதான் கடினமானது. பழைய பொதுக் கட்டடம் ஒன்றைச் சமூகக் கலை நிலையமாக மாற்றுவதென்றால், சுண்ணாம்பும் ஓடும் வாங்கிவிட்டால் போதாது. அங்கே யார் ஆடப்போகிறார்கள், யாருடைய ஆட்டம், கதவு எந்த நாட்களில் திறக்கும், திறவுகோல் யார் கையில் என்பவற்றைக் கூரை வேலைக்கு முன்பே தீர்மானிக்க வேண்டும். பதுளை மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தமிழர் என்கிறது 2012 குடிசன மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்து மக்கள். ஊவாவில் ஒரு கலை நிலையம் அமையுமானால், அதன் முதல் உரிமைக்காரர் வரிசையில் அவர்களும் இருக்க வேண்டும்.

அந்த எண்கோண முற்றம் அவர்களுடைய கலைக்குப் பொருந்துகிற அளவுக்கு வேறு எந்த மண்டபமும் பொருந்தாது.

மலையகத் தமிழரின் பெருங்கூத்துகள் மூன்று: காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு. மூன்றும் திறந்த வெளிக்குரியவை. மேடையும் திரையும் வைத்து, ஒரு பக்கம் மட்டும் நாற்காலி போட்டு ஆடுவதற்கென்று உருவானவை அல்ல. மாசி மாதத்தில் அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். அன்று தொடங்கும் விரதமும் ஆட்டமும் பௌர்ணமியை ஒட்டிக் காமன் எரிப்பு வரை போகும். ரதி வேடம் கட்டுவது பெரும்பாலும் ஓர் ஆண். சிவனுடைய தவத்தைக் கலைக்கப் போகாதே என்று ரதி மன்மதனை மறித்துப் பாடுகிற இடத்தில், வட்டமாக நிற்கிற சனத்துக்கும் ஆட்டக்காரருக்கும் இடையில் இரண்டு முழ இடைவெளிதான் இருக்கும். தூதன் சனத்துக்குள்ளிருந்துதான் ஓடி வருவான். வீரபத்திரர் வரும்போது சின்னப் பிள்ளைகள் அம்மாமாருக்குப் பின்னால் ஒளிவார்கள். நாலு பக்கமும் ஆள் நின்றால்தான் அந்த ஆட்டத்துக்கு உயிர் வரும்.

அருச்சுனன் தபசுக்கு உயரமான தபசு மரம் வேண்டும். படிப்படியாகப் பாடிக்கொண்டே அருச்சுனன் அதில் ஏற, சனம் தலையை அண்ணாந்து பார்த்து நிற்கும். சீலிங் போட்ட கலாசார மண்டபம் எதிலும் அது நடவாது. முற்றமும் வானமும் உள்ள ஒரு பழைய சந்தையில் நடக்கும்.

தப்பு என்ற கருவிக்கும் இந்த நகரம் ஓர் இடம் தர வேண்டியிருக்கிறது. விடியற்காலையில் தப்பு அடித்துத்தான் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களை எழுப்பினார்கள். ஆட்கள் வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக்களத்துக்கு ஓடியது அந்தச் சத்தத்துக்கே. வேலைக்கு விரட்டிய அதே தப்புதான் சாயங்காலத்தில் கூத்துக்கும், திருவிழாவுக்கும், சாவு வீட்டுக்கும் முழங்கியது. அதை அடிக்கத் தெரிந்தவர்கள் சாதியின் பெயரால் தோட்டத்துக்குள்ளேயே தள்ளி வைக்கப்பட்டார்கள். பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுக்கப் பலர் தயங்கியதற்கு அந்த அவமதிப்பும் காரணம். நகரின் நடுவே, மதிப்பான ஒரு கட்டடத்தில், சம்பளம் பெறும் ஆசானாக ஒரு தப்புக் கலைஞர் உட்கார்ந்தால் அந்தத் தயக்கம் உடையத் தொடங்கும். கலை நிலையம் செய்ய வேண்டிய முதல் காரியங்களில் அது ஒன்று.

இலங்கையில் பழைய கட்டடங்களை மாற்றிப் பயன்படுத்தியதற்கு உதாரணங்களுக்குப் பஞ்சமில்லை. கொழும்புக் கோட்டையின் டச்சு மருத்துவமனை 2011இல் உணவகங்களும் கடைகளுமாகத் திறந்தது. சுதந்திர சதுக்கத்துக்கு அருகே ஒரு காலத்தில் மனநோய் மருத்துவமனையாக இருந்த கட்டடம் 2014இல் ஆர்கேட் என்ற கடைத்தொகுதியானது. கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்துப் பழைய தேயிலைத் தொழிற்சாலை 1996இல் சொகுசு ஹோட்டலானது. கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டிய தொழிற்சாலை 2001 முதல் தேயிலை அருங்காட்சியகம். கட்டடங்கள் பிழைத்தன, அது நல்லதே. ஆனால் ஹோட்டலில் இரவு தங்குபவருக்கும் கடையில் வாங்குபவருக்கும் திறக்கிற கதவு, அந்தத் தொழிற்சாலையில் கொழுந்து கொட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அதே மாதிரித் திறப்பதில்லை.

வேறு வழியும் இருக்கிறது என்று காட்டியது கம்பளைக்கு அருகே பீகொக் தோட்டம். சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் அங்கே ஒரு பழைய லயத்தையே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாகவும் ஆவணக் காப்பகமாகவும் மாற்றியது. துரையின் பங்களாவை எடுக்காமல், பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவில் குடும்பங்கள் வாழ்ந்த காம்பராக்களை எடுத்தார்கள். மக்கள் புழங்கிய பாத்திரம், வேலைக் கருவி, பழைய கடதாசி என்று சேர்ந்தவை அவர்கள் வாழ்ந்த அதே சுவர்களுக்குள் இருக்கின்றன. சின்ன இடம்தான். ஆனால் அது யாருடைய வீடு என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வராது.

கட்டடம் இருந்தும் கலைக்குழு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னை விக்டோரியா பொது மண்டபம் சாட்சி. 1880களில் கட்டிய அந்த மண்டபத்தில்தான் பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபா நாடகம் போட்டு வளர்ந்தது. சபா வேறிடம் பெயர்ந்த பிறகு மண்டபம் மெல்லப் பொலிவிழந்து, பல வருடம் பூட்டிக் கிடந்தது. சென்னை மாநகராட்சி அண்மையில் பெரும் செலவில் அதைப் புதுப்பித்திருக்கிறது. அங்கே ஒரு சபாவோ நாலு சபாவோ குடியேறி வாரம்தோறும் ஒத்திகை பார்க்காவிட்டால், போட்ட காசு சுவரோடு நின்றுவிடும். கொச்சியில் கோப்பியும் தேயிலையும் மிளகும் ஏற்றிய அஸ்பின்வால் கம்பனியின் கடலோரக் கட்டடங்கள் 2012 முதல் கொச்சி-முசிரிஸ் பியனாலேயின் முதன்மைக் களமாயின. வணிகக் கிடங்கு கலைக்கூடமாக முடியும் என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிற விழா பதுளைக்குப் போதாது. பதுளைக்கு வேண்டியது சனிக்கிழமை தோறும் திறந்திருக்கிற வீடு.

வீட்டுக்கே காணி இல்லாத சனத்துக்குக் கலை நிலையம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை ஊவா மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் பதுளை மாவட்டம் மறுபடியும் மண்சரிவில் சிதைந்தது. ஆபத்தான சரிவில் இருக்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் பாதுகாப்பான காணியும் வீடும் முதலில் வர வேண்டும். அதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

அதே மண்சரிவு இன்னொன்றையும் சொல்கிறது. ஒரு லயம் புதையும்போது வீட்டுச் சாமான் மட்டுமா போகிறது? கூத்து வாத்தியாரின் பாட்டுக் கொப்பி, கிரீடமும் புஜகீர்த்தியும் வைத்த தகரப் பெட்டி, தாத்தா கடல் கடந்து வந்தபோதிருந்த பற்றுச்சீட்டு, கலியாணப் படம் எல்லாம் சேர்ந்தே போகும். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு லட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டபோது கூத்துக் குழுக்கள் பாதியாய் உடைந்தன; அண்ணாவி அக்கரைக்கும் ஆட்டக்காரன் இக்கரைக்குமாய்ப் போனார்கள். மிஞ்சியதைப் பாதுகாப்பான ஒரு பொதுக் கட்டடத்தில் படமெடுத்து, பதிந்து, பிரதி எடுத்து வைப்பது ஆடம்பரம் ஆகாது. வீடமைப்பைப் போலவே அதுவும் அவசரம்.

வெலேகடையில் ஓர் அறையை எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் பெயரில் வாசிகசாலையாக்கலாம். ஹாலிஎல ஊவாக்கட்டவளையில் பிறந்து, தெளிவத்தைத் தோட்டத்தில் பணியாற்றி, அந்தத் தோட்டத்தின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் சூடிக்கொண்டவர் அவர். 2022இல் மறைந்தார். விஷ்ணுபுரம் விருதுவரை போன அவருடைய கதைகளின் மண் பதுளைதான். அவருடைய புத்தகங்கள் முழுவதையும் ஒரே இடத்தில் பார்க்க அந்த மண்ணின் பிள்ளைக்கு வாய்ப்பு வேண்டாமா?

நகரத்து நிலையம் மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மடுல்சீமையின் மேல் பிரிவிலிருந்து மத்தியானம் கொழுந்தை நிறுக்கக் கொடுத்துவிட்டு, குளித்து, பஸ் பிடித்து வரும் ஒரு பெண் கடைசி பஸ் போவதற்குள் திரும்ப வேண்டும். ஆகவே தோட்டங்களிலும் கிளைகள் வேண்டும். அதற்கு மூடிக் கிடக்கும் பழைய தொழிற்சாலைகள் இருக்கின்றன. தோட்டத்தில் இஸ்டோர் என்று சொல்லும் அந்தக் கட்டடங்களின் மேல் மாடிகள் கொழுந்து வாட்டுவதற்காகக் கட்டியவை: தடுப்புச் சுவரே இல்லாத நீண்ட தளம், இரண்டு பக்கமும் வரிசை வரிசையாக ஜன்னல், பகல் முழுக்க வெளிச்சம். ஒத்திகைக்கும் ஓவியக் கண்காட்சிக்கும் அதைவிட நல்ல இடம் புதிதாகக் கட்டினாலும் கிடைக்காது. ஐம்பது பேர் குதித்து ஆடத் தளம் தாங்குமா என்பதைப் பொறியியலாளர் பார்த்துச் சொன்ன பிறகே கதவைத் திறக்க வேண்டும்.

அவை கம்பனிச் சொத்து என்று ஒதுங்கத் தேவையில்லை. 1970களில் தோட்டங்கள் தேசியமயமாகின. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. காணி அரசின் உடைமையாகவே இருக்கிறது, கம்பனிகள் குத்தகைக்காரர்கள். பயன்படாத ஒரு தொழிற்சாலையைச் சமூகத்துக்குத் தரும்படி அரசு அவர்களிடம் கேட்கலாம்.

பணம் செலவழிப்பதில் முன்பு இருந்த ஒரு தடையும் விலகியிருக்கிறது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தில் இருந்த 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபை காசு செலவழிக்க முடியாது என்று முப்பது வருடம் கைவிரித்தார்கள். தோட்டத்து மக்கள் வாக்களித்தார்கள், அவர்களுடைய பாதைக்கும் மண்டபத்துக்கும் சபையிடம் காசு வரவில்லை. 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. பசறையிலும் லுணுகலையிலும் ஹாலிஎலயிலும் சபை உறுப்பினர்கள் இனி அந்தச் சாக்கைச் சொல்ல முடியாது. ஊவா மாகாண சபைக்கு 2014க்குப் பிறகு தேர்தலே நடக்கவில்லை என்பதால், மாகாண மட்டத்தில் முடிவெடுக்க வேண்டியவர் ஆளுநர். மக்கள் தங்கள் மனுவை அவருக்கும் பதுளை மாநகர சபைக்கும் ஒன்றாகவே அனுப்ப வேண்டும்.

அந்த மனுவில் சில விஷயங்கள் துலக்கமாக இருக்க வேண்டும். நிலையத்தின் நிர்வாகக் குழுவில் தோட்டத்துக் கூத்துக் கலைஞர்களுக்கு நிரந்தர இடம், அதில் பெண்களும் இருக்க வேண்டும். அறிவிப்புப் பலகை முதல் விண்ணப்பப் படிவம் வரை தமிழும் சிங்களமும் சமமாக. பதுளையின் சிங்கள, முஸ்லிம் கலைஞர்களுக்கும் அதே முற்றம், அதே விதி. ஒத்திகைக்கு வாடகை வாங்கக் கூடாது. தபசு மரத்தை நிலத்தைத் தோண்டாமல் இரும்புப் பீடத்தில் நிறுத்தவும், காமன் எரிப்பைக் கட்டடத்துக்கு வெளியே பாதுகாப்பான திடலில் நடத்தவும் தொல்பொருள் திணைக்களத்தோடு முன்கூட்டியே உடன்பாடு செய்துகொள்ள வேண்டும். ஆட்ட நாட்களில் பசறைப் பாதையிலும் பண்டாரவளைப் பாதையிலும் இரவுப் பஸ் ஓடினால்தான் இதெல்லாம் தோட்டத்துச் சனத்துக்குப் பயன்படும். அந்தச் செலவையும் வரவுசெலவுத் திட்டத்தில் இப்போதே எழுத வேண்டும்.

வருகிற மாசியிலேயே தொடங்க முடிந்த வேலை ஒன்று இருக்கிறது. கம்பம் ஊன்றும் தோட்டங்களில் ஒன்றிரண்டைத் தெரிவுசெய்து, அவர்கள் தங்கள் மண்ணில் ஆடி முடித்த கையோடு ஒரு சனிக்கிழமை வெலேகடை முற்றத்தில் ஆடச் சொல்லி, பேசிய சம்பளத்தையும் போக்குவரத்தையும் முன்பணமாகக் கொடுத்து அழைக்கலாம். புதிதாகக் கல் வைக்கவோ நாடா வெட்டவோ வேண்டியதில்லை. அந்த ஓர் இரவில் எத்தனை பேர் வந்தார்கள், எங்கே நின்றார்கள், எது குறைந்தது என்று எழுதி வைத்துக்கொண்டு, மற்றத் திட்டத்தை அதிலிருந்து தொடங்கலாம்.