வீடும் ஜப்தியும்: எல்லையோரத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்

வீட்டை ஈடு வைத்து வாங்கிய கடனில் தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் கிடந்தால், வங்கி அந்தக் கணக்கை வாராக்கடன் என்று குறிக்கிறது. அம்பூரி, வெள்ளறடை, பாறசாலைப் பக்கம் ஜப்தி என்று சொல்லப்படும் நடவடிக்கை அங்கிருந்துதான் தொடங்குகிறது. வழக்குப் போடாமலே ஈட்டுச் சொத்தைக் கைப்பற்றி விற்கும் அதிகாரத்தை வங்கிகளுக்குத் தந்தது 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம். கூட்டுறவு வங்கிகளுக்கும் அது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2020 மே மாதம் தீர்ப்பளித்தது. ஊரில் உள்ள சிறிய சர்வீஸ் சொசைட்டியின் வழி வேறு: 1969ஆம் ஆண்டின் கேரளக் கூட்டுறவுச் சங்கச் சட்டப்படி தீர்ப்பு வாங்கி, விற்பனை அதிகாரி மூலம் ஏலம் போடும். கே.எஸ்.எஃப்.இ. சிட்டிப் பாக்கியும் அரசு நிறுவனக் கடனும் 1968ஆம் ஆண்டின் வருவாய் மீட்புச் சட்டத்தில் வில்லேஜ் ஆபீஸ் வழியாக வரும். எனவே நோட்டீஸ் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது தொகையை அல்ல, அது எந்தச் சட்டத்தின் கீழ் வந்திருக்கிறது என்பதை. மனுக் கொடுக்கும் இடமும் கெடுவும் அதைப் பொறுத்தே மாறும்.

தவணை ஏன் முடங்குகிறது என்பது இந்த மலையோரத்துக்குத் தெரியாத செய்தி அல்ல. வங்கிக்கு மாதந்தோறும் பணம் வேண்டும். ரப்பரோ மழைக்காலத்தில் பால் தராது. 2011இல் கிலோ 240 ரூபாய் வரை ஏறிய விலை, ஐந்தே ஆண்டில் நூறை ஒட்டி இறங்கியது. ஏறிய விலையை நம்பி வீடு கட்டியவர்கள் இறங்கிய விலையில் தவணை கட்ட நேர்ந்தது. இதோடு நோயோ கல்யாணமோ சேர்ந்தால் மூன்று தவணை தவறுவது எளிது. ஜாமீன் நின்றவரின் சொத்தும் இதில் சிக்கும். தான் ஒரு ரூபாய் வாங்காதபோதும் கடனாளிக்கு உள்ள பொறுப்பே அவருக்கும் உண்டு.

தவணை தவறும் முன், அல்லது தவறிய முதல் மாதத்திலேயே, வங்கியில் எழுத்து மூலம் கேட்பதுதான் செலவில்லாத வழி. தவணைக் காலத்தை நீட்டலாம், தொகையைக் குறைக்கலாம், கணக்கைச் சீரமைக்கலாம். வாராக்கடன் ஆன பிறகு இதே கேள்விக்குக் கிளை மேலாளரின் பதில் கடுமையாகிவிடும். வட்டி விகிதம் ஏறும்போது தவணை கூடுமா, காலம் நீளுமா என்பதைக் கடன்காரரிடம் சொல்லி அவருடைய விருப்பத்தைக் கேட்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2023ஆம் ஆண்டு விதி. தாமதத்துக்கான அபராதத்தை வட்டியாகக் கூட்டி, அதன்மேல் மறுபடி வட்டி போடுவதும் 2024 முதல் தடுக்கப்பட்டுள்ளது. கணக்கு அறிக்கையை வாங்கி இந்த இரண்டையும் சரிபார்ப்பது நல்லது. வங்கிக்குக் கொடுத்த புகாருக்கு 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மனிடம் கட்டணமின்றி முறையிடலாம். சொசைட்டிக் கடனுக்கு இந்த வழி கிடையாது. ஆனால் கூட்டுறவுத் துறை அவ்வப்போது நடத்தும் ஒருமுறைத் தீர்வு அதாலத்துகளும், கூட்டுறவுக் கடன் வாங்கிய விவசாயிகளுக்கான மாநிலக் கடன் நிவாரண ஆணையமும் அதற்கு உண்டு.

சர்ஃபாசி வழியில் வரும் முதல் நோட்டீஸ், பாக்கியைக் கட்ட 60 நாள் தருகிறது. எல்லையோரத்தில் வீடுகள் இழக்கப்படுவது பெரும்பாலும் இந்த 60 நாளில்தான் என்று சொல்லலாம். ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ அச்சடித்த காகிதம் அலமாரிக்குள் போகிறது; தமிழ் மட்டும் படித்த மூத்தவர் அதை யாரிடமும் காட்டக் கூசுகிறார். பதிவுத் தபாலை வாங்காமல் திருப்பி அனுப்பினால் நடவடிக்கை நிற்கும் என்ற நம்பிக்கை இன்னும் சிலரிடம் இருக்கிறது. அது நிற்காது, நோட்டீஸை வீட்டுச் சுவரில் ஒட்டியும் பத்திரிகையில் போட்டும் வங்கி முன்னேறும். இந்த நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால், வங்கி 15 நாளில் காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். நோட்டீஸ் கிடைத்த பின் வங்கியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அந்தச் சொத்தை விற்கக் கூடாது. சம்மதம் கேட்டுத் தாமே ஆள் பார்த்து விற்பதோ, நிலத்தில் ஒரு பகுதியை மட்டும் விற்றுக் கடனை அடைப்பதோ ஏல விலையைவிடப் பெரும்பாலும் லாபமாகவே முடியும்.

சட்டத்திலேயே சில விலக்குகள் உள்ளன. நிலுவை ஒரு லட்சத்துக்கு மேல் இல்லையென்றாலும், அசலும் வட்டியும் சேர்ந்ததில் 20 சதவீதத்துக்கும் குறைவாகவே பாக்கி என்றாலும் சர்ஃபாசி பாயாது. விவசாய நிலத்துக்கும் விலக்கு உண்டு. அதுவே இங்கு அதிகம் பேசப்படுவது, அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுவே. ஆதாரத்தில் ‘புரையிடம்’ என்றோ ‘தோட்டம்’ என்றோ எழுதியிருப்பது மட்டும் போதாது. நிலத்தில் உண்மையாகவே விவசாயம் நடக்கிறது என்பதைக் கடன் வாங்கியவரே நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொன்னது. கரம் தீர்த்த ரசீது, விளைபொருள் விற்ற பில், கிருஷி பவனில் கிடைக்கும் சான்று ஆகியவற்றை இப்போதே ஒரு கவரில் சேர்த்து வைப்பது பிறகு கைகொடுக்கும்.

60 நாள் கடந்தால் வங்கி சொத்தைக் கைவசப்படுத்தியதாக அறிவிக்கும். ஆள் இறங்கும் முன் இது காகிதத்தில் மட்டுமே நடக்கும். உண்மையில் வீட்டைக் காலி செய்ய, தலைமை ஜுடீஷியல் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் நியமிக்கும் வக்கீல் கமிஷனர் வருவார். கைவச அறிவிப்பிலிருந்து 45 நாளுக்குள் எர்ணாகுளத்தில் உள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுகலாம். உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டுத் தவணை வாங்கிவிடலாம் என்று சொல்பவர்களை அப்படியே நம்பக் கூடாது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கிலேயே 2023 ஏப்ரலில், இத்தகைய தலையீட்டை உச்ச நீதிமன்றம் கண்டித்துள்ளது. வருவாய் மீட்பில் மட்டும் நிலை வேறு. அங்கே தவணையும் தடையும் வழங்க 2024ஆம் ஆண்டுத் திருத்தம் அரசுக்கு அதிகாரம் தந்திருக்கிறது.

கடனை முழுதாகக் கட்டி வீட்டை மீட்கும் உரிமைக்கும் ஒரு கடைசி நாள் உண்டு. முன்பு விற்பனை நடக்கும்வரை அது இருந்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் நாளோடு அது முடிகிறது. ஏலத்தன்று பணத்தோடு போய் நிற்பது பழைய காலத்துக் கதை.

இந்த நெருக்கடியில் பிளேடு வட்டிக்காரரிடம் வாங்கி வங்கிக்குக் கட்டுவது தப்பிக்கும் வழி அல்ல. எழுதாத முத்திரைத்தாளில் வாங்கும் கையெழுத்தும், கடனுக்கு ஈடாக எழுதப்படும் விற்பனை ஒப்பந்தமும், வங்கி ஏலத்தைவிட வேகமாக வீட்டைப் பிடுங்கும். 2014இல் மாநிலம் முழுக்க நடந்த ஆபரேஷன் குபேரா இத்தகையவர்களைக் குறிவைத்ததுதான். ஆனாலும் அந்தத் தொழில் ஒழியவில்லை.

2019 மே மாதம் நெய்யாற்றின்கரைக்கு அருகே மாராயமுட்டத்தில், ஜப்திக் கெடு நெருங்கிய ஒரு வீட்டில் தாயும் மகளும் உயிரை விட்டனர். முதலில் வங்கி மீது எழுந்த கோபம், பின்னர் கிடைத்த கடிதத்தால் குடும்பத் துன்பத்தின் பக்கம் திரும்பியது. கடன் தனியாக வருவதில்லை. வீட்டுக்குள் இருக்கும் மற்ற வேதனைகளோடு கலந்தே வருகிறது. ஆகவே ஊராரிடம் வேண்டப்படுவது இது: பக்கத்து வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது தெரிந்தால் அதை வம்புப் பேச்சாக்காமல், படித்துச் சொல்லும் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். குடும்பஸ்ரீ கூட்டங்களும் கிரந்தசாலைகளும் சபைகளும் வாரம் ஒரு மணி நேரமாவது இதற்கு ஒதுக்க வேண்டும். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச வக்கீலைத் தாலுகா சட்டப்பணிக் குழு தருகிறது. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். மனம் தாளாதவர்கள் பேச 14416 இருக்கிறது.

ஏலம் முடிந்தாலும் கணக்கு முடிவதில்லை. கடனும் செலவும் போக மிஞ்சும் பணம் வீட்டுக்காரருக்குச் சேர வேண்டியது. கணக்கைக் கேட்டு வாங்க வேண்டும். விற்றும் பாக்கி நின்றால் வங்கி அதற்குத் தனியாக வழக்குத் தொடரலாம். கடனை அடைத்து வீட்டை மீட்டவருக்கு, மூல ஆதாரத்தை வங்கி 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு.