பாட்டைத் தள்ளிவிட 30 சதவீத கமிஷன்: கேட்கிறவருக்கு ஏன் சொல்வதில்லை?

ஒரு பாட்டு முடிஞ்சதும் செயலியே அடுத்த பாட்டைப் போடுது. நம்ம ரசனை பார்த்துப் போடுதுன்னு நினைக்கிறோம். அது பாதி உண்மைதான்.

ஸ்பாட்டிஃபை நிறுவனம் 2020 நவம்பரில் 'டிஸ்கவரி மோட்' என்ற திட்டத்தை அறிவித்தது. கலைஞரோ அவருடைய லேபிளோ ஒரு பாட்டைக் குறித்துக் கொடுத்தால், ரேடியோ, ஆட்டோபிளே போன்ற இடங்களில் அதற்கு முன்னுரிமை கிடைக்கும். முன்பணம் கிடையாது. ஆனால் அந்த இடங்களில் அந்தப் பாட்டு ஓடும்போது, ஒலிப்பதிவு ராயல்டியில் 30 சதவீதம் கமிஷனாகப் போய்விடும். வணிகக் காரணங்களும் பரிந்துரையில் உண்டு என்று பொதுவாக ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்கள். எந்தப் பாட்டுக்கு என்று மட்டும் சொல்வதில்லை.

"கட்டாயம் இல்லையே, விருப்பம் இருந்தா சேரட்டும்"னு சிலர் கேக்கலாம். வரிசை ஒண்ணுதான். ஒருத்தர் முன்னால போனா இன்னொருத்தர் பின்னால போகணும். எல்லாரும் சேர்ந்துட்டா யாருக்கும் இடம் கூடாது, வருமானம் மட்டும் குறையும். பெரிய லேபிள் 30 சதவீதத்தைத் தாங்கும். வாடகை ஸ்டுடியோவில் சொந்தக் காசில் பதிவு செய்யும் கானா பாடகர் தாங்குவாரா? இதற்கு மேல், 2024 முதல் 12 மாதத்தில் 1,000 முறை ஓடாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டியே கிடையாது. அதாவது பரிந்துரையில் வராத பாட்டுக்கு இருந்த சில்லறையும் போச்சு!

வானொலியில் காசு வாங்கிக்கொண்டு பாட்டுப் போட்டால் அதை நேயர்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று அமெரிக்கா 1960லேயே சட்டம் போட்டது. இந்தியாவிலும் 2020 மின்வணிக விதிகள், ஆன்லைன் சந்தைகள் பொருட்களை எந்த அடிப்படையில் வரிசைப்படுத்துகின்றன என்று விளக்கச் சொல்கின்றன. செருப்பு, சட்டைக்கு இருக்கிற அக்கறை பாட்டுக்கு வேண்டாமா?

"அல்காரிதம் வணிக ரகசியம்" என்பார்கள். கோடை யாரும் கேக்கல. பொறியியல் படிச்சவனா சொல்றேன், எந்தப் பாட்டு எந்த இடத்துல எத்தனை முறை ஓடுச்சுன்னு கணக்கு இல்லாம கமிஷன் பிடிக்கவே முடியாது. அந்தத் தகவல் அவங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு. அதைத் திரையில 'கமிஷன் பரிந்துரை'ன்னு ரெண்டு வார்த்தையா காட்டச் சொல்றோம். திட்டத்தில் சேராத பாட்டுகளுக்குப் பரிந்துரை எவ்வளவு குறைஞ்சதுன்னும் ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடட்டும்.

இந்த இரண்டையும் எல்லா இசைச் செயலிகளுக்கும் விதியாக்க ஒன்றிய அரசு முன்வர வேண்டும்.

#பாட்டுக்கும்_நியாயம்