சட்டப் படிப்பில் சேர்ந்தாச்சு... நீதிபதி ஆக எத்தனை வருஷம்?

2025 கோடையில் பிளஸ் டூ முடித்து ஐந்தாண்டு சட்டப் படிப்புக்குப் போனவர்களின் கணக்கை, அதே கோடையில் உச்ச நீதிமன்றம் மாற்றிவிட்டது.

என்ன மாறியது?

சிவில் நீதிபதி தேர்வு எழுத 3 ஆண்டு வக்கீல் அனுபவம் கட்டாயம் என மே 20-ம் தேதி தீர்ப்பு வந்தது. பார் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு செய்த நாளிலிருந்தே அனுபவம் கணக்காகும்.

அப்போ எப்போது தேர்வு?

2030-ல் பட்டம். 2033-ல்தான் தேர்வு.

அதுவரை வருமானம்?

இங்கேதான் சிக்கல். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் தர வேண்டும் என 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால், தொழில் கற்றுத்தரும் சீனியரிடமே காசு கேட்பது ஜூனியருக்குச் சுலபமில்லை. வீட்டிலிருந்து பணம் வராத முதல் தலைமுறை வக்கீல்கள்தான் அதிகம் தவிப்பார்கள்.

வேறு வழி?

நீதிபதிகளிடம் லா கிளார்க் வேலை. மாதாமாதம் பணம் வரும். அந்த அனுபவமும் 3 ஆண்டு கணக்கில் சேரும்.